பூட்டிய லேப்டாப்

கண்ணகி பன்னிரண்டாவது படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் அது. கல்யாணமாகிச் சங்கராபுரத்துப் பக்கம் வந்தபோது அவள் கொண்டுவந்த சீரில், அவள் படிப்புக்காகக் கிடைத்தது அது ஒன்றுதான். இத்தனை வருஷம் அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது. ஓரகத்தி தேவிப்ரியா வந்த பிறகுதான் போட்டாள்.

தேவி பி.எட். முடித்தவள். புருஷனைத் தெருவுக்கே கேட்கும்படி "அறிவு" என்று கூப்பிடுவாள். புதுப்பெண்ணாக வந்த நாளில் கண்ணகி வாய்தவறிப் புருஷன் பேரைச் சொன்னதற்கு, மாமியார் ஆயம்மாள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதே ஆயம்மாள் இப்போது சிரித்தாள். "படிச்ச பொண்ணு, அப்பிடித்தான் இருக்கும்." அந்தச் சிரிப்பு கண்ணகிக்குச் சோற்றில் கல்லாகக் கடிபட்டது. அன்றைக்கே புருஷன் பேரை, கொளஞ்சியப்பன் என்று ஆங்கில எழுத்தில் அடித்து லேப்டாப்பைப் பூட்டினாள். தான் வாயால் சொல்லாத பேர்; சின்னவளுக்குத் தோன்றாது.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ஆண்கள் எல்லோரும் மறியலுக்குப் போயிருந்த நாள். பஸ் ஓடவில்லை. கொரோனா காலம் என்பதால், கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடம் தேவியை அன்றைக்குக் கம்ப்யூட்டரில் பாடம் நடத்திக் காட்டச் சொல்லியிருந்தது. சரியாக வந்தால் வேலை. சங்கராபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போக இருந்தவள், கண்ணகியிடம் வந்து நின்றாள்.

"அக்கா, லேப்டாப்ப குடேன். போன்ல வந்தா ஒத்துக்க மாட்டாங்களாம்."

கண்ணகி எடுத்துக் கொடுத்தாள். பாஸ்வேர்டு கேட்டது.

"இன்னாக்கா போட்டிருக்க?"

"அது... சொல்ல முடியாது தேவி."

"வூட்டுக்குள்ள இன்னா ரகசியம்?" என்றாள் ஆயம்மாள். கண்ணகி முருங்கைக்கீரையை உருவிக்கொண்டு குனிந்தே இருந்தாள்.

தேவி குழந்தை பேரை அடித்தாள். குலசாமி பேரை அடித்தாள். பிறகு, "மாமா பேரா?" என்று கொளஞ்சியப்பன் பேரையும் அடித்தாள். கண்ணகி அவள் விரல் போகிற எழுத்துகளையே பார்த்தாள். தேவி அதில் ஒரு 'ஒய்' எழுத்தை விட்டுவிட்டாள். திறக்கவில்லை. தேவி அதை அழித்துவிட்டு வேறு பேருக்குப் போனாள். கண்ணகியின் விரல் காம்பிலேயே நின்றது. ஒரே ஒரு எழுத்து. அடிவயிற்றில் சில்லென்று ஒரு சுகம் பரவியது. அதைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது. பயந்தும், தானே அந்த எழுத்தைச் சேர்த்து அடித்துக் கொடுக்கக் கை நீட்டவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. தேவி கெஞ்சினாள். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

மத்தியானம் கொளஞ்சியப்பன் கோஷம் போட்டுக் கட்டிய தொண்டையோடு வந்தான். விஷயத்தைக் கேட்டு, "அப்பிடி இன்னாதான் போட்டு வச்சிருக்க?" என்றான்.

"உங்க பேருதான்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஆயம்மாள் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அதானே! புருஷன் பேர வாயால எப்பிடிச் சொல்லுவா எம்மருமவ?"

எம்மருமவ. கண்ணகி இத்தனை வருஷம் காத்திருந்த சொல்.

தேவி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "நானும் அதத்தானக்கா அடிச்சேன்," என்றாள் மெதுவாக. "பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கினுதான இருந்த?"

ஆயம்மாளுக்கு அது விளங்கவில்லை. "வுடுடி, ஊர்ல வேற பள்ளிக்கூடமா இல்ல? பெரியவ காலையிலருந்து சாப்பிடல, அவளுக்கு மொதல்ல சோறு போடு," என்றாள்.

தேவி தட்டெடுத்துப் போட்டாள். கண்ணகி உட்கார்ந்தாள்.