யாசின் உதட்டுக் கரி

எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்று டாக்டருக்கு முன்னால் தீர்ப்புச் சொல்வது நாங்கள்தான். மந்தாரக்குப்பத்தில் எங்கள் வாடகை வீடுகள் ஆறும் ஒரே வரிசை; யார் இருமினாலும் எல்லாருக்கும் தெரியும்.

ஹுமாவின் மூன்று மாதக் குழந்தை ருக்சானா அழும்போதெல்லாம் உதடு கருநீலமாகும். காரணம் கண்டுபிடிக்க எங்களுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. அப்பன் யாசினுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வந்ததும் பிள்ளைக்கு முத்தம் கொடுத்துக் கொஞ்சுகிறான், அவன் உதட்டுக் கரி ஒட்டுகிறது. அவன் தாய் கமர் நிஷா உடனே சட்டம் போட்டார்: "யாசினு, புள்ளயத் தொடாத. தள்ளி நின்னு பாரு." அவனும் சொந்த வீட்டு வாசலில் விருந்தாளி போல நின்றான்.

பிள்ளைக்குப் பால் குடிக்கவே மூச்சு வாங்கியது. ஒருநாள் ஹுமா, எங்கள் எல்லார் முன்னாலும், வெள்ளைத் துப்பட்டா நுனியை நனைத்து அந்த உதட்டை அழுத்தித் துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. உதடு நீலமாகவே இருந்தது.

"கரி எங்க இருக்குக்கா? காட்டுங்க!" என்றாள் என்னிடம். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

அன்றே டாக்டரிடம் ஓடினாள். நுரையீரலிலிருந்து நல்ல ரத்தம் கொண்டுவரும் சிரைகள் நான்கும், பிறவியிலேயே, இதயத்தின் இடப்பக்கம் சேராமல் வலப்பக்கம் சேர்ந்திருந்தனவாம். நல்ல தண்ணீர்க் குழாயைக் கழிவுத் தொட்டியில் விட்டதுபோல என்று நான் தெருவுக்கு விளக்கினேன். ஆபரேஷன் செய்யாவிட்டால் பிள்ளை பிழைக்காது.

சென்னையில் நெஞ்சைத் திறந்து, பிள்ளையின் மூடிய கையளவே உள்ள இதயத்தில், அந்தச் சிரைகளை இடப்பக்கம் மாற்றித் தைத்தார்கள். "கதவாண்டயே நின்னுகினு இருக்காருக்கா, சாப்புடக்கூட வரல" என்று ஹுமா போனில் புருஷனைப் பற்றி அழுதாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஆட்டோவில் வந்திறங்கினார்கள். நலம் விசாரிக்கப் போனோம். உண்மையில், பிள்ளை எப்போது அழும் என்று காத்திருந்தோம். அதுவோ எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.

யாசின் இரண்டு முறை குளித்துவிட்டு, தலை சொட்டச் சொட்ட, பழக்க தோஷத்தில் வாசலிலேயே நின்றான்.

"என்னா அங்கியே நின்னுகினு? வாங்க" என்று ஹுமா பிள்ளையை நீட்டினாள். "கக்கத்துல கை குடுக்காதீங்க, அடியில ஏந்துங்க. நெஞ்செலும்பு இன்னும் கூடணும்."

கமர் நிஷா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹுமா திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

அவன் பிள்ளையை ஏந்தி அதன் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தான். மீசை குத்தியிருக்க வேண்டும், ருக்சானா வீறிட்டாள். அடேயப்பா, என்ன தொண்டை! ஆறு வீடும் அதிர்ந்தன. நாங்கள் கழுத்தை நீட்டினோம். அகலத் திறந்த வாயில் உதடு, முத்தாண்டிக்குப்பத்து முந்திரிப்பழமாகச் செக்கச் செவேலென்று இருந்தது.

சமாதானப்படுத்த நீண்ட மாமியாரின் கையை ஹுமா மெல்லத் தள்ளினாள்.

"அழட்டும் மாமி. அக்கா நல்லாப் பாக்கட்டும்."

யாசின் மறு கன்னத்திலும் ஒன்று வைத்தான்.