இருட்டுக் கொட்டகையில் ஒரு மோதிரம்

லீவேயின் கொட்டகைக்குள் விளக்குக்கு அனுமதி இல்லை. உள்ளே சிக்கரி வேர்களின் தலையில் விட்லோஃப் என்னும் வெள்ளைக் கீரை மொட்டுகள் இருட்டைக் குடித்துக் கொழுத்துக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டால் பச்சை ஏறும். பச்சை ஏறினால் கசக்கும். காம்பன்ஹவுட் ஊர் விட்லோஃப் போட்டியில் மூன்று வருடமாக இரண்டாம் பரிசு வாங்கிச் சலித்துப்போனவள் லீவே. சனிக்கிழமை போட்டி முடியும் வரை அங்கே தீக்குச்சி உரசுபவனை உயிரோடு விடமாட்டாள்.

வியாழன் மதியம் அவளிடம் கல்யாணம் கேட்க வந்த வார்ட், அந்த இருட்டில் மோதிரத்தைத் தவறவிட்டிருந்தான். மண்டியிட்டுத் தடவிக்கொண்டிருந்தபோது கதவு திறந்து மூடியது.

"யாரது?" லீவேயின் குரல்.

"நான்தான்."

"என்னடா பண்ற? கன்னுக்குட்டி மாதிரி மூச்சு விடுற."

"ஒண்ணு விழுந்துடுச்சு."

"என்னது?"

"மோதிரம்."

"உனக்கெதுக்கு மோதிரம்?"

"எனக்கில்ல. உனக்கு."

ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வசனத்தில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. தண்ணீர்க் குழாய் மட்டும் களகளத்தது.

"லீவே, இருக்கியா?"

"இரு. உன் மூஞ்சியப் பாக்கணும். விளையாடறியா, நெசமான்னு தெரியணும்."

"வெளிய போய்ப் பாக்கலாமே. மொட்டெல்லாம்..."

"அதுவரைக்கும் யாரு பொறுக்கறது?"

லீவே சுவரைத் தடவி விளக்கைப் போட்டாள். வார்ட்டின் மூக்கில் மண். அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு கொழுத்த மொட்டின் நுனியில், தொப்பி போட்டதுபோல மோதிரம். லீவே சிரித்த சிரிப்பில் விக்கலே வந்துவிட்டது. அந்த மொட்டை வேரிலிருந்து படக்கென்று ஒடித்தாள். மோதிரத்தை விரலில் மாட்டினாள். மொட்டைக் கடித்து, மீதியை அவன் வாயில் திணித்தாள்.

"சரிடா," என்றாள், மென்றுகொண்டே.

அப்பாவிடம் சொல்ல ஓடினார்கள். பிறகு அத்தை வீட்டுக்கு, பிறகு பியர் கடைக்கு, மறுநாள் முழுக்க அவன் சொந்தக்காரர்கள் வீடுகளுக்கு. விளக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை லீவேயின் கூடையில் எல்லாம் இளம்பச்சை. நடுவர் ஒரு இலையைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

மதியம் அப்பா அவற்றைப் பன்றி இறைச்சியில் சுற்றி, சீஸ் குழம்பு ஊற்றி, அடுப்பில் வாட்டி வைத்தார். கசப்பில் வார்ட்டின் கண்ணில் நீர் வந்தது.

"இந்த வருஷமும் முதல் பரிசு போச்சேம்மா," என்றார் அப்பா.

"ரெண்டாவது இல்லப்பா, கடைசி. இதான் புதுசா இருக்கு," என்று லீவே தட்டை மறுபடி நீட்டினாள். "வார்ட்டுக்கும் போடுங்க."