புல்லுக் கொட்டில் நிரம்பியிருந்தது

கிட்ட வந்து இருங்கோ பிள்ளையள். ஒரு கதை சொல்லுவேன், அதற்கு வாக்குத் தருகிறேன். முடிவுக்கு மட்டும் வாக்குத் தரமாட்டேன். முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: இது கதையாகத் தொடங்கவில்லை, கடிதமாகத்தான் தொடங்கியது.

இன்று காலை தம்பித்துரை, சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊரிலுள்ள என் அறைக்கு வந்தான். வாலிஸ் மலையில், மழை எட்டிப் பார்க்காத ஒரு பள்ளத்தாக்கில், ஹெட்விக் என்ற கிழவியின் மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறான். அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை.

"இரத்தினம்மாக்கா, அரசாங்கக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. புதன்கிழமைக்குள்ள போகவேணும்."

"நான் பள்ளிக்கூடமே ஒழுங்காப் போகேல்லை. படிச்ச ஆரிட்டையும் கேளன்."

"படிச்ச ஆக்கள் சிரிப்பினம்."

1

முதல் தொடக்கம்: "மதிப்புக்குரிய ஐயா, ஹெட்விக் அம்மையாரின் கொட்டிலில் புல் நிரம்பியிருந்ததாக நீங்கள் எழுதியது பொய்…"

(வெட்டிவிட்டேன். பார்க்க வந்த அதிகாரி பொய் எழுதவில்லை. கண்டதைத்தான் எழுதினார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.)

2

நடந்தது இதுதான். இந்த எண்பத்தாறாம் ஆண்டுக் கோடை அந்தப் பள்ளத்தாக்கைக் காயவைத்துவிட்டது. அரசாங்கம் ஓர் உதவி அறிவித்தது. எவருடைய கொட்டிலில் காய்ந்த புல் பாதிக்கும் குறைவோ, அவருக்குக் குளிர்காலத்துக்குப் புல் அனுப்புவார்கள். அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். ஹெட்விக்கிடம் ஒன்பது மாடுகள். கொட்டிலில் கால்வாசிகூட இல்லை.

உதவியைப் பற்றித் தம்பித்துரைக்கு யாரும் சொல்லவில்லை. வேலைக்காரனுக்கு ஏன் சொல்வார்கள்? அரசாங்க ஆள் கொட்டில் பார்க்க வருகிறார் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். ஹெட்விக் பால் கொடுக்கக் கீழே போயிருந்தாள்.

"நீ என்ன செய்தனி?"

"வெறுங் கொட்டிலை எப்பிடியக்கா காட்டுறது? மனுசிக்கு மானமில்லையோ? அடியில மரப்பெட்டியளை அடுக்கி, மேல புல்லை உதறிப் பரப்பினன். கூரை முட்ட."

அடிக்குறிப்பு போல ஒன்று: எங்கள் ஊர்ப் பக்கத்தில் கிராம அதிகாரியான விதானையாரோ சம்பந்தம் பேச வருகிறவர்களோ வந்தால், நெல்லுச் சேர்த்து வைக்கும் கொம்பறைக்குள் உமிமூட்டையை இறக்கி மேலே நெல்லைப் பரப்புவோம். என் தாயும் செய்தவ. நானும் செய்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கோ.

3

அந்த அதிகாரியை எழுத முடியவில்லை. சிடுமூஞ்சியாக ஒருவரை எழுதி வாசித்துக் காட்டினேன்.

"இல்லையக்கா, நல்ல மனுசன். எனக்குச் சொக்கிலேற் தந்தவர். வாசல்ல நிண்டு பாத்திட்டு, 'நல்ல வேலை' எண்டு தோளில தட்டினவர்."

வாசலில் நின்று. ஒரு காலை உள்ளே வைத்து, கையைப் புல்லுக்குள் விட்டிருந்தால் பெட்டி தட்டுப்பட்டிருக்கும். காய்ந்த பள்ளத்தாக்கில் ஒரு கொட்டில் மட்டும் எப்படி நிரம்பியது என்று கேட்டிருக்கலாம். கந்தோர் கண்ணை அனுப்பியது, கையை அனுப்பவில்லை. இப்படிப்பட்ட நல்லவர்களை விடக் கெட்டவர்கள் எனக்கு

(இந்த வசனத்தை முடிக்கப் போவதில்லை. கோபத்தில் எழுதினால் கை பிழைக்கும்.)

4

ஹெட்விக் திரும்பி வந்தபோது "உதவி தேவையில்லை" என்ற தாள் மேசையில் கிடந்தது. அவள் ஏசவில்லை. ஒரு பெட்டியை இழுத்து, அதன்மேல் இருந்துகொண்டு கனநேரம் சிரித்தாளாம். பிறகு சிரிக்கவில்லை. பனி விழமுன் மாடுகளை இறைச்சிக்கு அனுப்பவேண்டி வரும்.

கந்தோரைத் தொலைபேசியில் கேட்டாள். தீர்ப்பு தீர்ப்புத்தான் என்றார்கள். மாற்றவேண்டுமென்றால், பெட்டி அடுக்கியவன் தன் கையெழுத்தோடு பத்து நாளுக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும்.

"கையெழுத்து வைச்சால், அரசாங்கத்தை ஏமாத்தினவன் எண்டு என்ர வழக்குக்குள்ளயும் போகுமோ அக்கா?"

"போகலாம்."

"மனுசி எழுதவேண்டாம் எண்டுதான் சொல்லுது. மாடு போனால் போகட்டுமாம். ஆனால் விடிய எழும்பினால் அந்த ஒன்பதும் என்னைத்தான் பாக்குதுகள்."

5

ஒரு முடிவு: கந்தோர் கடிதத்தை வாசித்து வெட்கப்படுகிறது, புல் வருகிறது. (எனக்கே நம்பிக்கையில்லை.)

இன்னொன்று: புல் வருகிறது, தம்பித்துரையைத் திருப்பி அனுப்புகிறார்கள். (எழுதக் கை வரவில்லை.)

ஆகவே கடிதத்தை மட்டும் எழுதினேன். "ஐயா, கொட்டில் வெறுமை. அதை மறைத்தவன் நான். களவுக்காக இல்லை, அந்த வீட்டு மானத்துக்காக. வந்து கையை விட்டுப் பாருங்கள்."

கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். என் பெயரை எழுதப் பார்த்தேன், செல்லாதாம். உங்கள் பெயரும் செல்லாது. இழக்க எதுவும் இல்லாதவர்களின் கையெழுத்து அங்கே வேண்டாம், எல்லாவற்றையும் இழக்கக்கூடியவன்தான் வைக்கவேண்டும். அவன் பேனாவைப் பிடித்தபடி என் மேசையில் இருக்கிறான். நாலு மணிக்கு ரயில்.

நீங்கள் அவன் பக்கத்தில் இருந்தால் என்ன சொல்லுவீர்கள்? அதைச் சொல்லுங்கோ, அதுதான் முடிவு.

போய்வாருங்கோ பிள்ளையள். உங்கள் வீட்டுக் கொம்பறை அடிவரைக்கும் நெல்லாகவே இருக்கட்டும். ஒருநாள் வெறுமையாகிப் போனாலும், கூச்சமில்லாமல் நீங்கள் கதவு திறக்க, வாசலில் நிற்காமல் உள்ளே வருகிறவர்களே உங்கள் வீட்டுக்கு வரட்டும்.