நூற்று எழுபத்து மூன்றாவது சோதனை

அந்த அலுவலகத்தில் அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். அவளைவிட ஒன்பது வயது மூத்த மேலாளரும் அக்கா என்பார், வாசலில் நிற்கும் காவலாளியும் அக்கா என்பார். உண்மையில் அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவன் ஒருவன்தான், அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நடைபாதையின் மறுகோடியிலிருந்து "அக்கா, சாப்டியா?" என்று கத்தினான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் எட்டு வருடமாகப் போகவில்லை.

தம்பி ஃபைல் சிஸ்டம் எழுதுகிறவன். நாம் சேமிக்கும் கோப்பை டிஸ்க்கில் எங்கே வைப்பது, கேட்டால் எப்படி எடுத்துக் கொடுப்பது என்று பார்த்துக்கொள்ளும் நிரல் அது. அக்காவின் வேலை அதைப் படுத்தி எடுப்பது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டிப்பாள், டிஸ்க்கை மூச்சுமுட்ட நிரப்புவாள், கோப்பைப் பாதியில் வெட்டுவாள். பிறகு ஒரு பைட் குறைந்தாலும் தம்பியென்றுகூடப் பார்க்காமல் பிடித்துக்கொள்வாள். இப்படி அவள் எழுதி வைத்திருந்த சோதனைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. தேறினால் திரையில் பச்சை, தவறினால் சிவப்பு. அக்கா பச்சை என்றால் பச்சைதான், அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இந்த நிலையில்தான் புதிய கணினி வந்து சேர்ந்தது. எந்தக் கணினியும் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகக் கையாளும், டிஸ்க்கை பிளாக் பிளாக்காகக் கையாளும். பழைய கணினிகளில் பக்கமும் 4096 பைட், பிளாக்கும் 4096 பைட். அதே அளவோடு பதினைந்து வருடம் குடித்தனம் நடத்தியதில் அக்காவின் சோதனைகளுக்குள் அந்த எண் உப்பு மாதிரி எங்கும் கரைந்து கிடந்தது. புதிய கணினியிலோ ஒரு பக்கம் 65536 பைட். டம்ளரால் அளந்தே பழகியவள் கையில் அண்டாவைக் கொடுத்தால் கணக்கு உதைக்கத்தானே செய்யும். முதல் ஓட்டத்திலேயே முப்பத்தெட்டு சோதனைகள் சிவப்பு.

அக்கா அசரவில்லை. தப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். 4096 என்று எழுதிய இடத்தையெல்லாம் தேடிப் பிடித்து, முதலில் கணினியிடம் உன் பக்கம் எவ்வளவு என்று கேள், டிஸ்க்கிடம் உன் பிளாக் எவ்வளவு என்று கேள், பிறகு பெருக்கு என்று மாற்றினாள். எந்த ஓட்டம் எந்த அளவில் நடந்தது என்று குழம்பாமலிருக்க, முடிவுகள் விழும் ஃபோல்டரின் பெயரிலேயே இரண்டு அளவும் வரும்படி செய்தாள். ஒவ்வொன்றாக முப்பத்தேழு சோதனைகள் பச்சைக்குத் திரும்பின.

நூற்று எழுபத்து மூன்று மட்டும் திரும்பவில்லை.

அது எளிமையான சோதனை. ஒரு கோப்பின் வாலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எழுதும். "பத்திரமாகச் சேமித்தாயிற்று" என்று ஃபைல் சிஸ்டம் வாக்குக் கொடுத்த பிறகு மின்சாரத்தைத் துண்டிக்கும். மறுபடி கணினி எழுந்ததும் கோப்பு முழுசாக இருக்கிறதா என்று பார்க்கும். புதிய கணினியில், பக்கம் பெரிதாகவும் பிளாக் பழைய 4096 ஆகவும் இருந்தால், கோப்பின் வால் காணாமல் போயிற்று.

தம்பியிடம் போய்க் கேட்டாள். அவன் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"அக்கா, இதே கதைதானே மத்த முப்பத்தேழுலயும்? உன் டெஸ்ட்லதான் இன்னும் எங்கயோ ஒரு 4096 ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. நல்லா தேடு."

தேடினாள். பதினோரு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். நூற்று நாற்பது வரிகள்தான் அந்தச் சோதனை. அதைப் பின்னாலிருந்து படித்தாள், அச்செடுத்துப் படித்தாள், முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினாள். புதிதாக எழுதியதும் அதே வாலைத்தான் காணோம் என்றது. எட்டாவது நாள் அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பதினைந்து வருடம் செய்த வேலை இவ்வளவுதானா என்று சாப்பாட்டு மேசையில் கணவனிடம் சொல்லி அழுதுவிட்டாள். தம்பியும் அப்போது அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மேல் மாடியில் குடியிருக்கிறவன், ராத்திரி சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு மாடிக்குப் போனான். மறுநாள் காலை கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து ஒரு பாட்டில் வாங்கிவந்து, "கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, ஊத்திக்கோ" என்று அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான். என்ன பாசம் என்று அவள் நெகிழ்ந்து போனாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வெளியீட்டுக் கூட்டம். அடுத்த வாரம் ஒரு மருத்துவமனைக் குழுமம் தன்னுடைய ஸ்கேன் படங்களையெல்லாம் இதே வகைக் கணினிக்கு, தம்பியின் ஃபைல் சிஸ்டத்துக்கு மாற்றப்போகிறது. ஃபைல் சிஸ்டத்தின் வேகத்தை ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லியாயிற்று, அதைச் சாதித்த தம்பிக்குத் தலைமைப் பொறியாளர் பதவி ஏறக்குறைய உறுதி. பாக்கி இருந்தது அக்காவின் கையெழுத்து மட்டும். சான்றுப் படிவத்தில் நூற்று எழுபத்து மூன்றுக்கு நேராக "சோதனையின் பிழை" என்று தம்பியே தட்டச்சு செய்து வைத்திருந்தான். அவளும் போடத் தயாராகத்தான் இருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று சறுக்கினால் என்ன, குடியா முழுகிப்போகும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

கையெழுத்துக்கு முன்னால் புதிய கணினியில் குவிந்திருந்த பழைய ஃபோல்டர்களை அழித்துச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். எந்த வேலையை முடித்தாலும் இடத்தைத் துடைத்து வைப்பது அவள் பழக்கம். பட்டியலில் சில ஃபோல்டர்களின் பெயரில் அளவுகள் இல்லை. அப்படியென்றால் அவள் ஃபோல்டர் பெயரில் அளவைச் சேர்ப்பதற்கு முன்னால் ஓடியவை. தேதியைப் பார்த்தாள். அவளுடைய முதல் ஓட்டத்துக்கும் முந்தைய வாரம். அந்த வாரம் கணினி தம்பியிடம் இருந்தது, ஓட்டியவன் பெயரும் அவனுடையதுதான்.

நூற்று எழுபத்து மூன்றை மட்டும் பத்தொன்பது தடவை ஓட்டியிருந்தான். பதினெட்டு சிவப்பு. காணாமல் போன வால் ஒவ்வொன்றிலும் அவளுக்குக் காணாமல் போன அதே வால். பத்தொன்பதாவது பச்சை. அதனோடு தனக்காக ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தான்.

"ஒரு பக்கத்தில் பதினாறு பிளாக். முதல் பிளாக்கை எழுதிவிட்டுப் பக்கம் முழுவதும் எழுதியாயிற்று என்று குறித்துவிடுகிறேன். என் தவறு. சரிசெய்தால் சரியாகிறது, ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. வெளியீட்டுக்குப் பிறகு பார்க்கலாம்."

அடப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். நோய் இன்னது என்று தெரியும், மருந்தும் கையில் இருக்கிறது. அத்தனையையும் வைத்துக்கொண்டுதான் நல்லா தேடு என்று அனுப்பியிருக்கிறான். அக்கா தன் சோதனையில் தப்பு என்று கையெழுத்துப் போட்டால் அந்தக் கட்டடத்தில் ஒருத்தரும் மேலே தோண்டமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவளுடைய பதினைந்து வருட நல்ல பெயரைத் தன் ஓட்டைக்கு மூடியாகப் போட்டுக்கொண்டான். அதுவும் வேறு யாருமில்லை, கூடப்பிறந்தவன்.

அவனைக் கணினி அறைக்கு வரச் சொன்னாள். வந்தான், திரையைப் பார்த்தான், நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு சமாதானம் பேச ஆரம்பித்தான். மின்சாரம் போனால்தானே இந்தச் சிக்கல், மருத்துவமனையில் ஜெனரேட்டர் இருக்கிறது, நாலு மாதத்தில் வேகம் குறையாத வழி ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவேன் என்றான். அவள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

"அன்னிக்கு நான் சாப்பாட்டு மேசையில அழுதப்போ நீ எதிர்லதான உக்காந்திருந்த?"

அவன் திரையில் இருந்த தன் குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா."

"சொன்னா நீ படிவத்துல எழுதிடுவக்கா."

"ஆமா, எழுதிடுவேன்" என்றாள். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

மூன்று மணிக்குச் சரியாகப் போய் உட்கார்ந்தாள். தம்பி எதிர் வரிசையில், மேலாளருக்குப் பக்கத்தில் இருந்தான். அவள் திருத்திய படிவத்தை மேலாளர் திறந்தார். நூற்று எழுபத்து மூன்றுக்கு நேராக "சோதனை சரி, ஃபைல் சிஸ்டத்தில் கோளாறு, வெளியிடக்கூடாது" என்று இருந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. கீழே படித்துக்கொண்டே வந்தார். கோளாறு என்று வந்தால் படிவத்தில் இன்னும் இரண்டு கட்டங்களை நிரப்பியாக வேண்டும், அது விதி. "முதலில் கண்டறிந்தவர்" என்ற கட்டத்தில் அக்கா தன் பெயரைப் போடவில்லை. தம்பியின் பெயரை இனிஷியலோடு முழுசாக எழுதியிருந்தாள். இருவருக்கும் அப்பா பெயரின் அதே எழுத்துதான் இனிஷியல், அதை அடிக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது.

மேலாளர் முகம் மலர்ந்தது. "அட, உங்க தம்பியே கண்டுபிடிச்சிட்டானா? இப்பவாவது தெரிஞ்சுதே, நல்ல வேளை" என்று அவன் தோளைத் தட்டினார். அவன் குனிந்த தலை நிமிரவில்லை. அப்புறம்தான் அவர் கண் பக்கத்துக் கட்டத்துக்குப் போனது.

"அக்கா, தேதி தப்பா இருக்கே. போன மாசத்துத் தேதியில்ல போட்டிருக்கீங்க?"

"சரியாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. "அவன் கண்டுபிடிச்சு இருபத்தாறு நாள் ஆச்சு. எனக்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சுது."

மேலாளரின் கை இன்னும் அவன் தோளில்தான் இருந்தது. அதை எடுப்பதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.