நாற்பது நாள் நாடி

காலையிலிருந்து அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையாததால் வெறுங்காலோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவசரப் பிரிவில் இருந்தவன் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இவங்க இதயப் பிரிவு லிஸ்ட்ல பச்சையில இருக்காங்க, அங்க போங்க" என்று இங்கே தள்ளிவிட்டான். இங்கே கவுண்டர்காரரும் அதே திரையைத்தான் பார்க்கிறார். ஆளைப் பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை.

"அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சுதாம்மா. ரீடிங் எல்லாம் சூப்பரா இருக்கே."

ஏன் சூப்பர் என்று மகளுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன் இதே மருத்துவமனைதான் அம்மாவின் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையை மாட்டிவிட்டது. நாடித்துடிப்பை எண்ணி மகளின் போன் வழியாக அனுப்பிவிடும். நோயாளிகள் இதை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் ஆய்வாம். ஆய்வுக்காரப் பெண் வாரா வாரம் கூப்பிடுவாள். "அக்கா, போன வாரம் பட்டை முப்பது மணி நேரம் சும்மா இருந்திருக்கு. இப்படியே போனா லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க." அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் படிவத்தில் அதற்குக் கட்டம் போடவில்லை போலிருக்கிறது.

அம்மாவோ, அரிக்கிறது என்று பட்டையைக் கழற்றித் தலையணைக்கு அடியில் போட்டுவிடுவாள். மகள் கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். கடைசியில் தன் கையிலேயே கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைக்கிற வேலை. நாடி அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. மணி நேரம் நிரம்பினால் சரி, யார் கையாக இருந்தால் என்ன? "சூப்பர்க்கா, நூறு சதவீதம்!" என்று ஆய்வுக்காரப் பெண் பாராட்டியபோது இவளுக்கு வாயெல்லாம் பல். அந்த எண்கள் டாக்டர் மேஜைக்கும் போகும், அதைப் பார்த்து அவர் அம்மாவின் தேதியைத் தள்ளிப்போடுவார் என்று யாரும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. இப்போது சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சார், அந்த ரீடிங்க நம்பாதீங்க. அது அம்மாவோடது இல்ல, என்னோடது. நாற்பது நாளா நான்தான் கட்டியிருந்தேன்."

வரிசையே திரும்பிப் பார்த்தது. கவுண்டர்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க? இத அழிச்சா உங்கம்மா பேர்ல ஒண்ணுமே இருக்காது. புதுசா ஏழு நாள் ரீடிங் வந்தாதான் கலர் மாறும்."

"ஏழு நாளா? ஆளப் பாருங்க சார்! உதடு நீலமா இருக்கு. உங்க கால்ல விழறேன், ஒரு டாக்டரக் கூப்பிடுங்க."

"சிவப்பு வந்தாதாம்மா அவங்களுக்கு மணி அடிக்கும். நான் கூப்பிட்டா எடுக்கவே மாட்டாங்க." ஆனாலும் மனசு கேட்காமல் போனை எடுத்தார். மறுமுனையில் மணி போய்க்கொண்டே இருந்தது.

அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். இவ்வளவு நேரமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். திட்டப்போகிறாள் என்று மகள் குனிந்தாள்.

"தம்பி..." என்று அம்மா கவுண்டர்காரரைக் கூப்பிட்டாள். "ரீடிங்... நல்லா இருக்குன்னீங்களே... நெஜந்தானா?"

"நெஜந்தாம்மா."

"எங்கம்மாவுக்கும்... இதே நெஞ்சு வியாதிதான். எனக்கும்..." மூச்சுக்கு நின்றாள். "இவளுக்கு... ஒண்ணும் இல்லல்ல?"

அவர் போனைக் காதில் வைத்தபடியே திரையைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா. உங்க பொண்ணுக்கு ரொம்ப நல்லா இருக்கு."

"அது போதும்" என்று அம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மகள் தரையில் விழுந்து, அந்த வீங்கிய கால்களைக் கட்டிக்கொண்டு, "போதாதும்மா, போதாது" என்று வாய்விட்டுக் கதறினாள்.