பெரிய வெள்ளியில் தட்டிய கட்டை

ஏப்ரல் 17, பெரிய வியாழன்.
இன்று ஒரு சின்னத் தவறு. பாதுகாப்புத் திட்டத்தில், ஆபத்து என்றால் கோவில் மணியை மூன்று தரம் அடிப்பது என்று எழுதியிருந்தேன். பூசையில் 'உன்னதங்களிலே' பாடி மணி ஓய்ந்த பிறகுதான் புத்தி வந்தது. இனிச் சனி இரவு பாஸ்கா திருவிழிப்பு வரை மணி அடிக்கக் கூடாது. மணிக்குப் பதில் மரக்கட்டை என்று திருத்தி எங்கள் இளையோர் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இப்போது சரி என்று நினைக்கிறேன். இன்னும் எதையோ விட்டுவிட்டேன் என்றும் படுகிறது.

குறிப்பேட்டில் இதை எழுதிய ஜெனிஸ்டனுக்கு அந்த நினைப்பு புதிதல்ல. வெள்ளவத்தையில் மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கிறவன். விடை சரியாக வந்தாலும் முதலிலிருந்து ஒரு தரம் போட்டுப் பார்ப்பான். கொட்டாஞ்சேனைப் பங்கின் இளையோர் ஒன்றியம் அவனிடம் வாசல் காவலை ஒப்படைத்ததும் அதனால்தான். 2019இல் கோவில்களில் குண்டுகள் வெடித்த அந்த உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு, பெரிய நாட்களில் கோவிலுக்கு வருகிற ஒவ்வொரு பையையும் இளையோர் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வீதியில் படையினர் நிற்பார்கள்; வாசல் படலைக்கு உள்ளே இவர்கள்.

வெள்ளி பின்னேரம் வழிபாடு தொடங்கும்போதே கோவில் நிரம்பி, முற்றத்துப் பந்தலுக்குள்ளும் சனம் நின்றது. திருப்பாடுகள் வாசித்து முடிந்து, பங்குத் தந்தை பொது மன்றாட்டைத் தொடங்கியிருந்தார். படலையில் பை பார்த்துக்கொண்டிருந்த சுபோதினி வந்து அவனுடைய சட்டைக் கையைப் பிடித்தாள். அவளுக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது. அன்று காதுக்குள் சொன்னாள்.

"பக்கக் கதவடியில ஒரு பை கிடக்கு. ஒருத்தரும் கிட்ட இல்லை."

போய்ப் பார்த்தான். வலப்பக்கக் கதவின் நிலையோடு ஒட்டி ஒரு கறுப்புப் பிரயாணப் பை. உப்பிப்போய், சிப் பாதி மூடியபடி இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், கடைசி வாங்குப் பலகைகளில் குடும்பம் குடும்பமாகச் சனம். யாருடையது என்று வெளியே நின்றவர்களிடம் மெதுவாகக் கேட்டார்கள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். படலையில் இந்தப் பையைத் திறந்து பார்த்தது யார் என்றால், அதுவும் ஒருவருக்கும் நினைவில்லை. அவ்வளவு கூட்டம்.

வீதியிலிருந்து ஒரு படைவீரரைக் கூட்டிவந்தார்கள். அவர் பையைக் கண்டதும் இரண்டடி பின்னால் போய், "அத தியன்ன எப்பா, மல்லி" என்றார். கைவைக்க வேண்டாமாம். கோவிலின் மற்றப் பக்கத்தால் ஆட்களை வெளியே எடு, ஆனால் ஓட விடாதே என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, வோக்கி டோக்கியில் கதைக்கத் தொடங்கினார்.

ஜெனிஸ்டனின் கால் தானாகவே திட்டத்தின்படி நடந்தது. நடுவாசலுக்கு வந்து கையை உயர்த்தினான். பீடத்தின் பக்கத்தில் கட்டைக்குப் பொறுப்பாக நின்ற மெல்றோய் கண்டுவிட்டான். கட்டையை எடுத்து மூன்று தரம் தட்டினான்.

டக். டக். டக்.

கோவில் முழுவதும் முழந்தாளில் விழுந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்ட கணத்தில்தான் ஜெனிஸ்டனுக்கு விளங்கியது. பெரிய வெள்ளியில் கட்டை தட்டினால் முழந்தாளிட வேண்டும். பால்குடியை மடியில் வைத்திருக்கிற தாய்க்கும் அது தெரியும். தெரியாமல் போனது திட்டம் எழுதியவனுக்கு மட்டும். இளையோருக்கு அது வெளியே போகிற அடையாளம். மிச்சப் பேருக்கெல்லாம் கீழே குனிகிற அடையாளம். பையின் பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் கவிழ்த்துக் கண்ணை மூடியிருந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை மட்டும் நிமிர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெடித்தால் இவர்களை இந்த இடத்தில் குனிய வைத்தது நான்தான் என்று அவனுக்குப் பட்டது.

கத்தினால் மிதிபட்டுச் சாவார்கள். பேசாமல் நின்றால் இப்படியே இருப்பார்கள். சுபோதினி அவனைப் பார்த்தாள்.

"பாதரிட்ட ஓடு," என்றான். "சிலுவை முத்தி வெளியில எண்டு சொல்லச் சொல்லு. இடப்பக்க முற்றத்தில. இப்பவே."

"மன்றாட்டு முடியேல்லையே."

"அது கடவுளுக்குத் தெரியும். போ."

அவள் சுவரோரமாகப் போனாள். அவன் கடைசி வாங்குக்குப் போய், முதலில் எட்டிய தோளைத் தொட்டான். "அன்ரி, சிலுவை முத்திக்கு லைன் போகுது. மற்றப் பக்கத்தால வாங்கோ." அந்த அம்மா கேள்வி கேட்கவில்லை. பெரிய வெள்ளியில் சிலுவையை முத்தமிட வரிசை என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. முந்திப் போகத்தான் பார்ப்பார்கள். அவர் செபமாலையைச் சுருட்டிக்கொண்டு எழும்பினார். பக்கத்து வாங்கும் எழும்பியது. யாரோ ஒருவர், இந்த வருஷம் வெளியிலயாம், நல்லது, வெக்கை குறையும் என்று சொல்வது கேட்டது. பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் ஒவ்வொரு தோளிலும் கைவைக்கும்போது அவனுக்கு வந்தது. கை நிற்கவில்லை.

பீடத்தில் சுபோதினி பாதரின் காதுக்குள் கதைப்பது தெரிந்தது. பாதர் பக்கக் கதவை ஒரு தரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார். ஊதாத் துணி போர்த்திய பெரிய சிலுவையை மெல்றோயோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு இடப்பக்கக் கதவால் நடந்தார், பாடிக்கொண்டே. சனம் பின்னால் போனது. ஒருவரும் ஓடவில்லை. ஜெனிஸ்டன் சொன்ன பொய் அவன் கண் முன்னாலேயே உண்மையாகிக்கொண்டிருந்தது.

கடைசி வாங்கு காலியாகும்போது ஒரு வயதான பெண் மட்டும் எதிர்ப்பக்கமாக, பையை நோக்கி வந்தார். ஜெனிஸ்டன் குறுக்கே நின்றான்.

"அம்மா, அங்கால போகேலாது."

"என்ர பை தம்பி அது."

நேசமலர் என்று பேர் சொன்னார். வெள்ளவத்தை, சைவ சமயத்தவர், நேர்த்திக்கடன் ஒன்று, அதனால் வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு வருகிறவர். ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்டதற்குக் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ளுக்குக் கருவாடு கிடக்கு. வாற வழியில மருமகள் வாங்கச் சொன்னவள். விரத நாளில சாமிக்கு முன்னால கொண்டு போகலாமோ? செருப்போட வெளியில வைச்சிட்டு வந்தனான்."

பைக்குப் பக்கத்தில் ஒரு சோடிச் செருப்பு இருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான். படைவீரர் அவரைக் கொண்டே திறப்பித்துப் பார்த்தார். கருவாடு, ஒரு குடை, மருந்துச் சீட்டு. வீரர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜெனிஸ்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. படியில் உட்கார்ந்தான்.

வழிபாடு முடிந்து பந்தலில் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கும்போது, திருவிழிப்புக்கு வாசல் பொறுப்பை வேறு ஆரும் எடுக்கட்டும் என்று சுபோதினியிடம் சொன்னான். இன்று கருவாடாக இருந்தது தன் கெட்டித்தனம் இல்லை என்றான்.

"இல்லைத்தான்," என்றாள் அவள். "கோவில் முழுக்க முழங்கால்ல விழுத்தினனி. பிஷப்பாலயும் அப்பிடி ஏலாது."

அவள் கதிரையைக் கீழே வைத்தாள்.

"இப்ப என்ன பிழையெண்டு உனக்குத் தெரியும். புதுசா வாறவனுக்குத் தெரியாது. அவன் திரும்ப ஒரு சத்தத்தைத்தான் கண்டுபிடிப்பான்."

வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தான். நடந்ததை எழுத வரவில்லை. கடைசியில் இவ்வளவுதான் எழுதினான்:

நாளை சனி. காலையில் எல்லாரையும் கோவிலுக்குக் கூப்பிட வேண்டும். சத்தம் எதுவும் வேண்டாம். வாங்கு வரிசைக்கு ஒருவராக நிறுத்தி, தோளைத் தொட்டு, எந்தக் கதவால் போவது என்று வாயால் சொல்லி, நடத்திக் கூட்டிப்போகப் பழக்க வேண்டும்.