ரிம்மா தலையசைக்கும் வரை

முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஒருத்திக்காக வாசித்துக்கொண்டிருக்க, அவள் நட்டநடு மேடையில் இடுப்பில் கைவைத்து, வாசியுங்கள் பார்க்கலாம் என்பதுபோல் நின்றதை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் அதையும் பாலேயில் ஒரு கட்டம் என்றுதான் நினைத்தார்கள். நின்றவள் பெயர் ரிம்மா ஸ்தொல்யரோவா. அந்த ஊர் ரசிகர்களைப் பற்றி அவள் வைத்திருந்த அபிப்பிராயம் ஒன்றும் தப்பில்லை.

ரிம்மா ரஷ்யாவில் வோல்கா நதிக்கரையில் ஓர் ஊர்த் தியேட்டரில் பதினெட்டு வயதிலிருந்து ஆடியவள். அங்கே ஒரு பெரிய அதிகாரியின் மருமகளுக்கு முதல் வேஷம் போனபோது, "இது அன்னம் இல்ல, வாத்து. சாயங்காலம் சூப்புக்கு ஆகும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். சொன்னது உண்மை என்பதால் யாரும் மன்னிக்கவில்லை. ஒரு வருஷ ஒப்பந்தத்தில் பஃபலோ வந்து சேர்ந்தாள். இங்கே இரண்டாவது வருஷம் கிடைக்காவிட்டால் ஊருக்குத்தான் போகவேண்டும். ஊரில் முப்பத்து மூன்று வயதுக்காரிக்கு ராஜகுமாரனின் அம்மா வேஷம் காத்திருந்தது. கனத்த அங்கி, கிரீடம், நாற்காலியில் உட்கார்ந்து விசிறி வீசுவது. ஆடுகிறவளுக்கு அது உயிரோடு இருக்கும்போதே போட்டோவுக்கு மாலை போடுவது மாதிரி.

ஆகவே அவளுக்கு பஃபலோ தேவை. தேவை வேறு, மதிப்பு வேறு. அவளுக்கு இங்கே எதன்மீதும் மதிப்பு வரவில்லை.

காலை வகுப்புக்கே அவளுக்கு முகம் சுளிக்கும். ஆடுகிறவர்கள் உடம்பு சூடேறப் பிளாஸ்டிக் கால்சட்டையும் கிழிசல் பனியனுமாக வந்து, தரையில் காபித் தம்ளரை வைத்துக்கொண்டு புரளுவார்கள். ஒருத்தி வாழைப்பழம் தின்பாள். டைரக்டரை எல்லாரும் "லைல், லைல்" என்று நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது லைல் ப்ரூயிட்டும் வாலாட்டாத குறையாகத் திரும்பிப் பார்ப்பான். யார் என்ன செய்தாலும் "அருமை, அருமை" என்று கைதட்டுவார்கள். விழுந்தவளுக்கும் கைதட்டுவார்கள்.

சேர்ந்த முதல் வாரம் வகுப்பு எடுத்த பையன் அவள் பின்னால் வந்து நின்றான்.

"ரிம்மா, உங்க முதுகுல கை வைக்கலாமா? உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்."

"கை வைக்காம எப்படிச் சொல்லித்தருவே? தபால்லயா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அவளோடு முதல் வேஷத்தை மாற்றி மாற்றி ஆடவிருந்தவள் மார்லோ ஃபீனி. இருபத்து நான்கு வயது, நீளக் கால், வாயில் எந்நேரமும் சூயிங்கம். கால் எங்கே போட்டாலும் போகும். இடுப்புக்கு மேலே என்ன இருக்கிறது என்று மட்டும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை போல.

"ரிம்மா, நீ கையைத் தூக்கி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பசிச்சிடுது" என்பாள் மார்லோ.

"நீ கையைத் தூக்கறதைப் பார்த்தா பஸ்ஸை நிறுத்தற மாதிரி இருக்கு."

"பஸ் நிக்குதுல்ல?"

"நிக்கும். அதுல ஏறி வீட்டுக்குப் போ."

ஒருவரையொருவர் கண்டாலே இகழ்ச்சி. ஆனாலும் மார்லோ ஒருத்திதான் ரிம்மாவின் முகத்துக்கு நேரே இகழ்ந்தாள். மற்றவர்கள் "உங்க பாணி ரொம்ப வித்தியாசமா இருக்கு" என்று இனிப்பாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு மார்லோவே தேவலை.

அந்த வசந்த காலத்தில் எடுத்தது, வெள்ளை அன்னத்தையும் கறுப்பு அன்னத்தையும் ஒரே ஆள் ஆடவேண்டிய பழைய பாலே. முதல் நாள் காட்சி ரிம்மாவுக்கு. ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து ஒத்திகை ஒரே ஒரு நாள்தான். ஊரில் இதற்கு வாரக்கணக்கில் கொடுப்பார்கள். அங்கே குச்சி பிடிக்கிறவர் ஆடுகிறவளின் காலைப் பார்த்துத்தான் வாசிப்பை நடத்துவார். அவள் மூலையில் போய் நிற்பாள், மூச்சு வாங்குவாள், தலையை லேசாக அசைப்பாள். அப்புறம்தான் முதல் சுரம் வரும். இங்கே குச்சி பிடித்தவர் வெண்டல் க்ராவ்ஸ். அவர் இசை எழுதிய காகிதத்தைப் பார்ப்பார். மேடையில் தீப்பிடித்தாலும் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்வார்.

கறுப்பு அன்னத்தின் தனி ஆட்டம் வந்தது. நாலு அடி வைப்பதற்குள் ரிம்மா கையை உயர்த்தினாள்.

"நிறுத்துங்க. இது என்ன, தீயணைப்பு வண்டியா?"

வெண்டல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எழுதியிருக்கற வேகத்துலதான் வாசிக்கறோம், ரிம்மா."

"எழுதினவர் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. ஆடறவ உயிரோட நிக்கறா. நீங்க யாரைப் பார்க்கணும்?"

"பேப்பரை."

வயலின்காரர்கள் வில்லால் தட்டிச் சிரித்தார்கள். ரிம்மா வாயைத் திறப்பதற்குள், பின்வரிசையில் ட்ரோம்போன் வாசிக்கிற பெரிய உடம்புக்காரர் எழுந்து நின்றார். அவர்தான் யூனியன் ஆள். கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவ்வளவுதான். அத்தனை பேரும் வாத்தியத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

மேடை மேலாளர் டீ கூபியாக் ஓரத்திலிருந்து வந்தாள். குள்ளமான பெண், இடுப்பில் நாலைந்து சாவி, காதில் எப்போதும் ஹெட்போன். இந்தக் கம்பெனியில் வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பது ரிம்மாவின் எண்ணம்.

"இடைவேளைம்மா. போய்த் தண்ணி குடி."

"எனக்குத் தண்ணி வேணாம். மியூசிக் வேணும்."

"மியூசிக் காபி குடிக்கப் போயிருக்கு."

திரும்பி வந்ததும் வெண்டல் நேரமில்லை என்று கடைசி அங்கத்துக்குத் தாவிவிட்டார். கறுப்பு அன்னத்தின் தனி ஆட்டம் ஒத்திகை பார்க்கப்படாமலே நின்றது. யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. "உனக்குத் தெரியாததா, ரிம்மா!" என்று லைல் தோளில் தட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அடுத்த வருஷ ஒப்பந்தத்தை நான் தயாரா வச்சிருக்கேன். முதல் காட்சி நல்லபடியா முடியட்டும், கையெழுத்துப் போட்டுடலாம். வெண்டலோட கொஞ்சம் ஒத்துப் போ. உன்னை யாரும் மாறச் சொல்லல."

மாறச் சொல்லாமலே மாறவைப்பதுதான் இவர்கள் வழக்கம் என்று அவளுக்குத் தெரியும். ஊர் டைரக்டர் நாற்காலியைத் தூக்கி எறிவார், விஷயம் முடிந்துவிடும். இவன் தோளில் தட்டியே கொல்லுவான்.

அன்று மாலை அவள் பியானோ அறைக்குப் போனாள். வகுப்புக்கும் ஒத்திகைக்கும் பியானோ வாசிக்கிறவர் அர்காடி செம்யோனோவிச். அவரும் வோல்காக் கரைதான், சராத்தவ் ஊர்க்காரர். பஃபலோவுக்கு வந்து தலை நரைத்துவிட்டது. எதையும் மதிக்காத மனுஷர், அதனால் அவளுக்குப் பிடிக்கும். வெண்டலின் வேகத்திலேயே வாசித்துக் காட்டினார்.

"ஆடு, ரிம்மோச்கா. வாயை மூடிக்கிட்டு வேகமா ஆடு."

ஆடினாள். ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது.

"பார்த்தியா? முடியுதே!"

"முடியுது. டைப் அடிக்கற மாதிரி இருக்கு."

"டைப் அடிக்கறவங்களுக்கு வேலை இருக்கு. உனக்கு இருக்கணுமா வேணாமா?"

"அர்காடி செம்யோனோவிச், நீங்களுமா இவங்க பக்கம்?"

"நான் எந்தப் பக்கமும் இல்ல. இவங்களுக்கு ஆடத் தெரியாது. நம்மாளுங்களுக்கு மனுஷங்களா நடந்துக்கத் தெரியாது. ஊர்ல குச்சிக்காரர் உன் காலைப் பார்த்தார்னு பீத்திக்கறே. சரி. வாரா வாரம் உங்களையெல்லாம் வரிசையா நிக்க வச்சுத் தராசுல ஏத்தினாங்களே, அது? உன்னை அந்த டைரக்டர் எருமைன்னு கூப்பிடல?"

ரிம்மா ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டார்" என்றாள். "எருமைன்னுதான் கூப்பிட்டார். ஆனா எருமை காலைத் தூக்கற வரைக்கும் ஆர்க்கெஸ்ட்ரா காத்துக்கிட்டு இருந்துச்சு."

அர்காடி பியானோ மூடியைச் சாத்தினார். "ராஜகுமாரனோட அம்மாவா விசிறிக்கிட்டு உட்காரப் போறியா? உட்கார். விசிறி நான் வாங்கித் தரேன்."

அந்தச் சொல் தைத்தது. ஷூவைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "சரி, வேகமாவே ஆடறேன்" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா. அந்த ஆளோட வேகத்துலயே ஆடித் தொலைக்கறேன்."

மனசார ஒப்புக்கொண்டுதான் சொன்னாள். முதல் காட்சியன்று மேடைக்குப் போகும்போதும் அந்த எண்ணத்தில்தான் போனாள்.

வெள்ளை அன்னம் நன்றாகப் போனது. மேடைதான் அவளுக்கு எப்போதும்போல அந்நியமாக இருந்தது. ஊரில் மேடை பார்வையாளர்களை நோக்கிச் சரிந்திருக்கும், இங்கே தட்டையாகக் கிடக்கும். அந்தச் சரிவுக்குப் பழகிய உடம்பு இன்னும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தே நின்றது. அங்கத்தின் முடிவில் கைதட்டல் வந்தபோது இவள் ஊர் வழக்கப்படி உள்ளே போய், மறுபடி வந்து, முழங்கால் மடித்து நிதானமாக வணங்கினாள். பிறகு இன்னொரு தடவை வந்தாள். ஓரத்தில் டீ நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். கைதட்டல் அடங்கினால்தானே வெண்டல் தொடங்க முடியும்? நேரம் ஓடிக்கொண்டிருந்தது. குறித்த நேரத்தைத் தாண்டினால் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதுக்கும் ஓவர்டைம்.

கறுப்பு அன்னத்தின் அங்கம். ஜோடி ஆட்டம் முடிந்தது, ராஜகுமாரனாக ஆடிய டெஸ்மண்ட் தன் தனி ஆட்டத்தையும் முடித்துவிட்டு வேர்த்து வழிந்து வெளியே வந்தான். இனி ரிம்மா.

அவள் ஓரத்திலிருந்து வெளிப்பட்டு, மேடையைக் குறுக்கே கடந்து, பின்மூலைக்கு நடந்தாள். இந்த நடையும் ஆட்டம்தான். வீட்டு எஜமானி தன் கூடத்தில் நடப்பதுபோல் நடக்கவேண்டும். பாதி வழியில் இருக்கும்போதே இசை தொடங்கிவிட்டது. வணக்கத்தில் போன நேரத்தைப் பிடிக்கப் பார்த்தார் வெண்டல்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நாலு எட்டு ஓடினால் மூலையைப் பிடித்துவிடலாம். மார்லோ ஓடியிருப்பாள். இந்த நாட்டில் எல்லாரும் ஓடியிருப்பார்கள். ரிம்மாவின் காலும் ஓடப் பார்த்தது. வேகமாக ஆடுவதாகத்தான் அவள் சத்தியம் செய்திருந்தாள். பஸ் பிடிக்கிறவள் மாதிரி ஓடுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

நின்றாள். நட்டநடுவில், இடுப்பில் ஒரு கையை வைத்து, வெண்டலைப் பார்த்தாள்.

வெண்டல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இசை போய்க்கொண்டே இருந்தது. அவள் சுழலவேண்டிய இடம் வந்து போனது. தாவவேண்டிய இடம் வந்து போனது. ஓரத்தில் டீ ஹெட்போனில் யாரையோ திட்டினாள். "ஆடு, சனியனே, ஆடு!" என்று மார்லோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது ரிம்மாவுக்குக் கேட்டது. அவள் தாடையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். யாருமே ஆடாத ஆட்டத்துக்கு ஒரு மனுஷர் இவ்வளவு சிரத்தையாகக் கை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளவும் இல்லை. கறுப்பு அன்னம் சிரிக்கலாம்.

கடைசியில் முதல் வயலின்காரர் காலால் வெண்டலின் பீடத்தை உதைத்தார். வெண்டல் நிமிர்ந்தார். பார்த்தார். கை அந்தரத்தில் நின்றது. இசை ஒவ்வொரு வாத்தியமாக விட்டுப்போய், கடைசியில் ஒரு புல்லாங்குழல் மட்டும் தனியாக அழுதுவிட்டு அடங்கியது.

அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு நிசப்தம் இருந்ததில்லை.

ரிம்மா அவசரப்படாமல் மூலைக்கு நடந்தாள். பாவாடை இறகைச் சரிசெய்துகொண்டாள். நின்றாள், மூச்சை இழுத்தாள். வெண்டல் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறெங்கே பார்ப்பார், பாவம். அவரை இன்னும் கொஞ்சம் காக்கவைத்தாள். அப்புறம் தலையை அசைத்தாள்.

பிறகு ஆடியதை அவள்தான் ஆட முடியும். ஒவ்வொரு அசைவும் முதுகெலும்பிலிருந்து கிளம்பித் தோளுக்கு வந்து, கைக்குப் போய், விரல் நுனியில் முடிந்தது. அவள் நிறுத்திய இடத்தில் இசையும் நின்றது, எடுத்த இடத்தில் எழுந்தது. வெண்டல் சட்டைக் காலர் நனைய, கண் இமைக்காமல் தொடர்ந்தார். அந்த மனுஷருக்கு வாசிக்கவைக்கத் தெரியும் என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. எதற்குக் கத்துகிறோம் என்று தெரிந்து கத்தியவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அது அவளுக்குப் போதும். மூன்று தடவை வந்து வணங்கினாள். மூன்றாவது தடவை வெண்டலுக்கும் ஒரு கையை நீட்டினாள், கூலிக்காரனுக்கு இனாம் கொடுப்பதுபோல.

ஓரத்துக்கு வந்தபோது மார்லோ வழியில் நின்றாள்.

"நீ செத்தே."

"தெரியும்."

"ஆனா கை நல்லா இருந்துச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, ரிம்மா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு லைல் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அவள் பிரமாதமாக ஆடினாள் என்றும், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஓவர்டைம் ஆகிவிட்டது என்றும், அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் இல்லை என்றும் சொன்னான். மதியக் காட்சிக்கு மார்லோவின் பெயரைப் போட்டார்கள். ரிம்மா பதினொரு மணி வகுப்புக்குப் போனாள்.